1850-இல் ஒரு தங்கவேட்டைக்காரன் மனைவிக்கு எழுதும் கடிதம்: பிழை பார்த்துச் சொல்லுங்கள்

ஆற்றுமணல் (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டம் ஆண்டு மலர் கொண்டுவருகிறது. அதில் "தூரத்துக் கடிதங்கள்" என்று ஒரு பகுதி. ஆளுக்கொரு காலத்தைப் பிரித்துக் கொடுத்ததில் எனக்கு வந்தது கலிஃபோர்னியாவின் தங்க வேட்டை. கற்பனைக் கடிதம்தான் எழுதவேண்டும். ஆனால் தகவல் பிசகக்கூடாது என்பது நிபந்தனை.

இரண்டு மாதமாக அந்தக் காலத்து மனிதர்களோடுதான் குடித்தனம். முக்கியமாக வில்லியம் ஸ்வெய்ன். நியூயார்க் மாநிலத்தில் நயாகரா ஆற்றங்கரையில் யங்ஸ்டவுன் என்ற ஊர், விவசாயி, வயது 27. மனைவி சப்ரினாவையும் கைக்குழந்தையையும் அண்ணன் ஜார்ஜின் பொறுப்பில் விட்டுவிட்டு 1849 ஏப்ரலில் புறப்பட்டார். மாட்டு வண்டிக் கூட்டத்தோடு கண்டத்தைக் கடந்து, நவம்பரில் கலிஃபோர்னியா சேர்ந்து, ஃபெதர் ஆற்றில் மண் அரித்தார். 1851 பிப்ரவரியில் வீடு திரும்பினார். அவருடைய நாட்குறிப்பும், இரு பக்கமும் போய்வந்த கடிதங்களும் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன.

என் ஆள் ஸ்வெய்ன் இல்லை. அவரைப்போல் இன்னொருவன். அவனுக்குப் பெயர் வைக்கவில்லை. மனைவி பெயர் மட்டும் மார்த்தா. இதோ வரைவு:

"ஃபெதர் ஆறு, 1850 பிப்ரவரி 10.

உயிரினும் இனிய மார்த்தாவுக்கு,

நேற்று உன் கடிதம் கிடைத்தது. சென்ற வாரம் நம் மகள் முதல் அடி எடுத்து வைத்தாள் என்று படித்ததும் கண்ணீர் பெருகியது. வீட்டு ஏக்கம் என்னை நாள்தோறும் வாட்டி வதைக்கிறது. இரவில் நிலவைப் பார்க்கும்போதெல்லாம், இதே நிலவை நீயும் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று எண்ணி ஆறுதல் அடைகிறேன். இங்கே தங்கம் ஆற்றோடு கொட்டிக் கிடக்கிறது. இத்துடன் ஒரு தங்கக்கட்டி அனுப்புகிறேன். அஞ்சல் தலை ஒட்டி நாளையே தபாலில் சேர்த்துவிடுவேன். வரும் வசந்தத்தில் செல்வந்தனாகத் திரும்புவேன். அதுவரை பொறுத்திரு.

என்றும் உன் நினைவில் வாடும்..."

தயவு தாட்சண்யம் இல்லாமல் சொல்லுங்கள்.

முத்திரைப்பித்தன்

தபால் துறையில் 31 ஆண்டுகள் இருந்தவன் நான். தாட்சண்யம் என்ற சரக்கு என்னிடம் கிடையாது.

முதலில் "சென்ற வாரம்". நயாகராப் பக்கத்தில் எழுதிய கடிதம் நியூயார்க் துறைமுகம் போகவேண்டும். அங்கிருந்து கப்பலில் பனாமாவின் சாக்ரெஸ் முகத்துவாரம். பிறகு தோணியிலும் கோவேறு கழுதையிலும் பூசந்தியைக் கடக்கவேண்டும்; அங்கே ரயில் பாதை 1855-இல்தான் முடிந்தது. மறுகரையில் பசிபிக் பெருங்கடல், இன்னொரு நீராவிக் கப்பல், சான் ஃபிரான்சிஸ்கோ. அந்த வழியில் முதல் தபால் கப்பல் வந்து சேர்ந்ததே 1849 பிப்ரவரி 28-ஆம் தேதிதான். எல்லாம் கூடிவந்தால் ஒன்றரை மாதம். கூடிவருவது அபூர்வம். அதோடு முடிந்ததா? சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து உங்கள் ஆள் உட்கார்ந்திருக்கும் மலைக்கு அரசாங்கத் தபால் கிடையாது.

இரண்டாவது, அஞ்சல் தலை. உங்கள் ஆள் எங்கே போய் வாங்குவார்? 1851 ஜூலை வரை கிழக்குக் கரைக்கு அரை அவுன்ஸ் கடிதத்துக்குக் கட்டணம் 40 சென்ட். மேலே "40" என்று ஒரு முத்திரை குத்துவார்கள், அவ்வளவுதான். முன்பணம் கட்டாயமில்லை, வாங்குகிறவர் கட்டலாம்.

மூன்றாவது, தங்கக்கட்டி. கடிதம் எடைக்கணக்கு ஐயா! உறை போட்டால்கூட எடை கூடும் என்று, எழுதிய தாளையே மடித்து, மெழுகு வைத்து ஒட்டி, பின்பக்கம் முகவரி எழுதியவர்கள் ஏராளம். இன்னொரு தாள் சேர்க்க மனம் வராமல், எழுதி முடித்த பக்கத்தைக் கால்வட்டம் திருப்பி, அதே வரிகளின் மேல் குறுக்காக இன்னொரு கடிதம் எழுதுவார்கள். அப்படிப்பட்ட தாள் ஒன்றின் படம் என் சேகரிப்பில் உண்டு. பார்த்தால் பாய் முடைந்ததுபோல் இருக்கும். தாளைத் திருப்பித் திருப்பிப் பிடித்தால் ஒரு வரிசை மறைந்து இன்னொரு வரிசை தெரியும். அந்த அருமை தெரிந்தவன் கட்டியை உள்ளே வைப்பானா? மெழுகில் ஒரு துகளை ஒட்டி அனுப்புவான். அனுப்பினார்கள்.

கடலோடி

மலைக்குத் தபால் கிடையாது என்று ஐயா சொன்னதைத் தொடர்கிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

அலெக்சாண்டர் டாட் என்று ஒருவர். தங்கம் தோண்ட வந்து, உடம்பு ஒத்துக்கொள்ளாமல், 1849-இல் கடிதம் சுமக்க ஆரம்பித்தார். முகாம் முகாமாகப் போய், தலைக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பெயர்ப் பட்டியல் எடுப்பார். சான் ஃபிரான்சிஸ்கோ தபால் நிலையத்தில் அந்தப் பெயர்களுக்கு என்ன வந்திருக்கிறது என்று தேடுவார். இருந்தால் கொண்டுவந்து கொடுத்து, கடிதத்துக்கு ஓர் அவுன்ஸ் தங்கத்தூள்வரை வாங்குவார். அவுன்ஸ் அன்றைக்கு 16 டாலர். வந்த கடிதத்தை வாங்குவதற்கே நாள் கணக்கில் உழைக்கவேண்டும். டாட் சிரித்துக்கொண்டே பணக்காரர் ஆனார். தங்க வேட்டையில் நிச்சயமாகக் காசு பார்த்தவர்கள் மண்ணைத் தொடாதவர்கள்தான்.

ஊருக்குள் கூத்து வேறு விதம். தபால் நிலைய ஜன்னலில் விரல்விட்டு எண்ணக்கூடிய குமாஸ்தாக்கள். வெளியே தெருவைத் தாண்டி வரிசை. விடியுமுன்பே வந்து இடம் பிடித்து, அந்த இடத்தை விலைக்கு விற்றே பிழைத்தவர்கள் உண்டு. மணிக்கணக்கில் நின்று, ஜன்னலுக்கு வந்து, "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறவன் முகத்தை யோசித்துப் பாருங்கள்.

குன்றின்மேல் ஒரு சமிக்ஞைக் கம்பம் இருந்தது. துறைமுகத்துக்குள் எந்த வகைக் கப்பல் நுழைகிறதோ அதற்கு ஏற்பக் கம்பத்தின் மரக்கைகள் அசையும். இரு பக்கமும் கை நீட்டியிருந்தால் பக்கச் சக்கர நீராவிக் கப்பல், அதாவது தபால். ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் அது தெரியும். ஒரு நாடகத்தில் நடிகர் இரண்டு கைகளையும் விரித்து நின்று, "இதற்கு என்ன பொருள்?" என்று உணர்ச்சிவசமாகக் கேட்டாராம். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "பக்கச் சக்கரக் கப்பல்!" அரங்கமே குலுங்கியதாம்.

பெயரிலி27

நிலவை விட்டுவிட்டீர்களே. நியூயார்க் அங்கிருந்து மூன்று மணிநேரம் முன்னால் இருக்கிறது. நம்மவர் கூடாரத்துக்கு வெளியே வந்து பத்து மணிக்கு நிலவைப் பார்த்தால் அங்கே நள்ளிரவு ஒரு மணி. நயாகராக் குளிரில் பிப்ரவரி மாதம், கைக்குழந்தையோடு, எந்த அம்மா வெளியில் நின்று நிலவு பார்ப்பாள்? அது போகட்டும், 1849-50 குளிர்காலம் கலிஃபோர்னியாவில் அடைமழை. ஜனவரியில் சேக்ரமென்டோ நகரமே வெள்ளத்தில் மூழ்கியது. நிலவு எங்கே தெரிந்தது?

மீனா_திருச்சி

எல்லோரும் அவன் பக்கத்துத் தகவலையே திருத்துகிறீர்கள். நான் அந்த 40 சென்டைப் பற்றிக் கேட்கிறேன். முன்பணம் கட்டாமல் அனுப்பினால் மார்த்தா அல்லவா கட்டவேண்டும்? பண்ணை வேலையாளுக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் கூலி. "வாடுகிறேன், வதங்குகிறேன்" என்று ஒரு பக்கம் புலம்பலைப் படிக்க ஒரு நாள் கூலி கொடுத்திருக்கிறாள் பாவம்.

ஆற்றுமணல் அவர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தில் ஒரு கேள்விகூட இல்லை. மாடு எப்படி இருக்கிறது, விறகு இருக்கிறதா, கடன்காரர் வந்தாரா, எதுவும் இல்லை. பத்து மாதமாகப் பண்ணையை நடத்துகிறவள் அவள். இப்படி விடப்பட்ட பெண்களை "கலிஃபோர்னியா விதவைகள்" என்றே அழைத்தார்கள். கணவன் உயிரோடு இருக்கிறானா என்பது கடிதம் வரும்வரை தெரியாது. கடிதம் வந்தாலும், அதை எழுதிய அன்று இருந்தான் என்பதுதான் தெரியும். நிலம் சட்டப்படி கணவன் பெயரில். விற்கவும் முடியாது, அடகு வைக்கவும் முடியாது. "பொறுத்திரு" என்று எழுதியிருக்கிறீர்களே, அவளுக்கு வேறு என்ன வழி?

சகோதரிக்கு எழுதிய ஒரு பெண்ணின் கடிதங்களும் இருக்கின்றன: லூயிஸ் கிளாப். மருத்துவரான கணவரோடு ஃபெதர் ஆற்று முகாம்களில் வாழ்ந்தவர். 1851-52இல் எழுதிய 23 கடிதங்கள். ஆண்கள் "சாப்பாடு மோசம்" என்று ஒரு வரியில் முடிப்பதை, அவர் பாத்திரம் பண்டத்தோடு எழுதுவார். அதைப் படித்துவிட்டு இரண்டாம் வரைவு எழுதுங்கள்.

ஆற்றுமணல்

கோபம் இல்லை அம்மா. கேள்வி இல்லை என்று நீங்கள் சொன்னதும் ஸ்வெய்னின் கடிதங்களைத் திரும்பப் பார்த்தேன். நான் கவனிக்காமல் விட்டது அதைத்தான். அம்மாவின் உடல்நிலை, பண்ணை, குழந்தை என்று விசாரிப்பு ஓயவே இல்லை.

வடஆற்காட்டான்

இதைப் படித்ததும் கோலார் தங்கவயல் ஞாபகம் வந்துவிட்டது. என் கொள்ளுத்தாத்தா வடஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குப் போனவர். அங்கே தனியாள் சட்டி வைத்துத் தங்கம் அரிக்க முடியாது. ஆழச் சுரங்கம், கம்பெனிக் கூலி. ஆனாலும் தங்கத்துக்காக ஊரைவிட்டது ஊரைவிட்டதுதானே. இந்தியாவில் மணியார்டர் முறை வந்தது 1880-இல். லண்டனின் ஜான் டெய்லர் நிறுவனம் கோலாரில் இறங்கியதும் அதே 1880-இல்தான். எங்கள் குடும்பத்தில் கடிதம் என்றால் மணியார்டர் படிவத்தின் அடியில் உள்ள துண்டுத்தாள்தான். நாலு வரிக்குமேல் இடம் கிடையாது. கொள்ளுப்பாட்டிக்கு எழுத்து தெரியாது. தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் படித்துக் காட்டுவாராம்: "இவ்விடம் நலம். அவ்விடம் மழை உண்டா?"

சுரங்கத்துக்குள் பாறை வெடித்து ஆட்கள் செத்த வாரத்திலும் "இவ்விடம் நலம்"தான். அதனால் உங்கள் ஆள் இவ்வளவு அழுவதை என்னால் நம்ப முடியவில்லை.

சொல்வேட்டை

ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றி மட்டும். "வீட்டு ஏக்கம்" அகராதிக்காரர்கள் ஒட்டவைத்த சொல். ஹோம்சிக் என்பதை அப்படியே பிளந்து போட்டிருக்கிறார்கள். நாம் வீட்டுக்கு ஏங்குவதாகச் சொல்வதில்லை. "ஊர் நினைப்பு வந்துவிட்டது" என்போம். "பிள்ளை முகம் கண்ணிலேயே நிற்கிறது" என்போம்.

பெயர்தான் இல்லையே தவிர, பொருள் நமக்குப் புதிதல்ல. பொருள் தேடப் போகிறவனுக்குப் "பொருள்வயிற் பிரிவு" என்று தனித் துறையே வகுத்தவர்கள் நாம். கார்காலத்துக்குள் வருவேன் என்று சொல்லிப் போவான். மழை வந்துவிடும், அவன் வரமாட்டான். சுவரில் கோடு இழைத்து நாள் எண்ணுவாள். நண்பரின் ஆள் "வசந்தத்தில் வருவேன்" என்கிறான். அதே பருவப் பொய்!

ஐரோப்பியர்கள் இதை நோயாகவே பதிவுசெய்தார்கள். 1688-இல் பாசல் நகரில் யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், அயல்நாட்டில் வாடிய சுவிஸ் நாட்டவர்களைப் பார்த்து "நாஸ்டால்ஜியா" என்று பெயர் சூட்டினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடதரப்புப் படை மருத்துவர்கள் இந்த நோய் கண்டவர்கள் என்று 5,000 பேருக்கும் மேல் கணக்கு எழுதிவைத்தார்கள். ஆக உங்கள் ஆள் காலத்தில் அது வெறும் மனவருத்தம் இல்லை, ஆளைக் கொல்லும் வியாதி. அதை மனைவிக்கு எழுதுவானா? எழுதினால் அவள் பயந்துபோவாளே.

கடலோடி

ஐயா, "பருவப் பொய்" என்பதை மட்டும் மறுக்கிறேன். அது பொய் இல்லை, ஆற்றின் கணக்கு. குளிர்கால மழையில் ஆறு பெருகும், வேலை நடக்காது. வசந்தத்தில் மலைப்பனி உருகி இன்னும் பெருகும். கோடையில் வற்றியதும் குறுக்கே அணை கட்டி, தண்ணீரைக் கால்வாயில் திருப்பி, படுகையைத் தோண்டுவார்கள். மாதக்கணக்கில் கட்டிய அணைக்குப் பின்னால் வெறும் சரளைக்கல் இருக்கலாம். அல்லது இலையுதிர்காலத்தின் முதல் வெள்ளம் அணையோடு அள்ளிக்கொண்டு போகலாம். பிறகு அடுத்த கோடை. ஒவ்வொரு தடவையும் "இன்னும் ஒரே ஒரு பருவம்" என்றுதான் தோன்றும்.

வருமானமும் ஆண்டுக்காண்டு தேய்ந்தது. 1848-இல் ஒரு நாளுக்குச் சராசரி 20 டாலர் என்றும், 1852-இல் 6 டாலர் என்றும் ஒரு மதிப்பீடு. விலைவாசியோ முட்டை ஒன்று ஒரு டாலர், அதற்கு மேலும். வெறுங்கையோடு ஊர் திரும்பினால் வண்டியேற்றிவிட்ட அத்தனை பேரும் வாசலில் நிற்பார்கள். கடன் கொடுத்த மாமனார் உட்பட.

ஆற்றுமணல்

"யானையைப் பார்த்தேன்" என்று அவர்கள் அடிக்கடி எழுதுவதை எப்படித் தமிழில் கொண்டுவருவது? யானையைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே.

கடலோடி

கொண்டுவராதீர்கள். ஒரு விவசாயி சந்தைக்கு முட்டை வண்டி ஓட்டிப் போனான். எதிரே சர்க்கஸ் ஊர்வலம், முன்னால் யானை. குதிரைகள் மிரண்டு வண்டி கவிழ்ந்து முட்டை எல்லாம் கூழ். "போனால் போகட்டும், யானையைப் பார்த்துவிட்டேன்" என்றானாம். பட்டுத் தெரிந்துகொண்டேன் என்பதற்கு அதுதான் அவர்கள் வழக்கு. நம் வாசகருக்கு யானை என்றால் கோயில் வாசல்தான் நினைவுக்கு வரும். அடிக்குறிப்பு போட்டே கடிதம் செத்துவிடும்.

செம்மண்

நூலகத்து மலரில் இன்னொரு "பாவம் அந்தத் தங்கவேட்டைக்காரன்" கதையா? ஒருவன் 3,000 மைல் தாண்டி வந்து ஊர் நினைப்பில் உருகுகிறான், சரி. அவன் கூடாரம் போட்ட ஆற்றங்கரை யாருடைய ஊர்? இந்த வேட்டையையே தொடங்கிவைத்த தங்கத்தை 1848 ஜனவரி 24-இல் ஜேம்ஸ் மார்ஷல் என்பவர் கண்ட கொலோமா, நிசெனான் மக்களின் இடம். ஃபெதர் ஆறு மைடு மக்களுடையது. கலிஃபோர்னியாவில் 1848-இல் ஏறத்தாழ ஒன்றரை லட்சமாக இருந்த பூர்வகுடிகள் 1870 வாக்கில் சுமார் 30,000 ஆனார்கள். நோய், பட்டினி, அதோடு துப்பாக்கி. 1850-இல் அவர்களைப் "பாதுகாக்க" என்று பெயர் வைத்துப் போட்ட சட்டம், அவர்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்துக்கொடுக்க வழி செய்தது. அவர்களுடைய ஊர் நினைப்புக்குத் தபால் பை உண்டா?

பெயரிலி27

அதை எல்லாம் ஒரு கணவன் மனைவிக்கு எழுதும் கடிதத்தில் எப்படி நுழைப்பது? மேடைப்பேச்சு ஆகிவிடுமே.

செம்மண்

பேச்சு வேண்டாம். மைடு மக்கள் ஓக் மரக் கொட்டைகளை ஆற்றங்கரைப் பாறையிலேயே குழி குழியாக இடித்து மாவாக்குவார்கள். தலைமுறை தலைமுறையாக இடித்து இடித்து உரல் போல் ஆழமான குழிகள். இன்றும் பாறைகளில் இருக்கின்றன. உங்கள் ஆள் அதன் பக்கத்தில்தான் சமைத்திருப்பான். கண்ணில் பட்டதை எழுதட்டும், போதும். பார்த்தும் எழுதாமல் விட்டான் என்றால் அதுவும் ஒரு செய்திதான்.

மட்டுறுத்துநர்

விவாதம் நன்றாகப் போகிறது. ஆளைத் தொடாமல் பொருளைப் பேசுங்கள். பெயரிலி27, நீங்கள் அழித்த பதிவு நினைவில் இருக்கிறது.

வரலாற்று மாணவி

முதுகலையில் சீனப் புலம்பெயர்வைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சின்னச் சேர்க்கை. 1852-இல் மட்டும் ஏறத்தாழ 20,000 சீனர்கள் சான் ஃபிரான்சிஸ்கோவில் இறங்கினார்கள், பெரும்பாலோர் கான்டன் பகுதியின் தைஷான் சுற்றுவட்டாரத்தவர்கள். கலிஃபோர்னியாவுக்கு அவர்கள் வைத்த பெயர் "தங்கமலை". அவர்களுடைய கடிதத்துக்கு "வெள்ளிக் கடிதம்" என்று பெயர்: பணமும் கடிதமும் ஒன்றாகப் போகும். ஊர்க்கார வணிகர் வழியாக ஹாங்காங், அங்கிருந்து கிராமம். வடஆற்காட்டான் ஐயா சொன்ன மணியார்டர் துண்டுதான், கடல் தாண்டியது. இந்த வகைக் கடிதங்களை 2013-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

அயல்நாட்டுத் தங்கவேட்டையர்மீது 1850-இல் மாதம் 20 டாலர் வரி. எதிர்ப்பால் அது போய், 1852-இல் 3 டாலராக மீண்டும் வந்து முக்கியமாகச் சீனர்கள் தலையில் விழுந்தது. ஸ்வெய்னுக்கு வீடு திரும்புவதா, இருப்பதா என்ற கேள்வி இருந்தது. இவர்களில் பலருக்கு எலும்பாவது ஊர் போய்ச் சேரவேண்டும் என்பதுதான் ஏற்பாடு. இறந்தவர்களின் எலும்புகளைத் தோண்டியெடுத்து, சுத்தம் செய்து, பெட்டியில் அடைத்து ஊருக்கு அனுப்பும் சங்கங்கள் இருந்தன.

இதை உங்கள் கடிதத்தில் திணிக்கச் சொல்லவில்லை அண்ணா. மலரில் இடம் இருந்தால் இவர்களுக்கு இன்னொரு பக்கம் கேளுங்கள்.

ஆற்றுமணல்

கேட்டேன். பொறுப்பாசிரியர் சம்மதித்துவிட்டார். எழுதவேண்டியவர் நீங்கள்தான் என்றும் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்.

இரண்டாம் வரைவில் ஒரு இடத்தில் தடுமாறுகிறேன். தங்கம் அரிக்க அவர்கள் பயன்படுத்திய மரப்பெட்டிக்கு அவர்கள் வைத்த பெயரே தொட்டில். ஒருவன் மண்ணையும் தண்ணீரையும் கொட்ட, ஒருவன் பிடியைப் பிடித்து ஆட்டுவான். "அங்கே நீ ஒரு தொட்டிலை ஆட்டுகிறாய், இங்கே நான் ஒரு தொட்டிலை ஆட்டுகிறேன்" என்று ஒரு வரி வந்து விழுந்தது. எழுதியபோது எனக்கே புல்லரித்தது.

மீனா_திருச்சி

புல்லரித்தால் அடித்துவிடுங்கள். நாள் முழுவதும் இடுப்பளவு பனித்தண்ணீரில் நின்றவனுக்கு அந்த உவமை வராது, மேசையில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத்தான் வரும். குழந்தையும் நடக்கிற வயதுக்கு வந்துவிட்டது, தொட்டில் எதற்கு?

சொல்வேட்டை

வழிமொழிகிறேன். தட்டில் மண்ணை அலசுவதற்கு மட்டும் ஒரு சொல் தருகிறேன்: அரித்தல். அரிசியில் கல் அரிப்பதும் அதுவே. நம் வாசகருக்குக் கையசைவு உடனே தெரியும்.

பெயரிலி27

உடம்பைப் பற்றி ஒன்றுமே இல்லையே? பன்றி உப்புக்கண்டம், மாவு, காபி. காய்கறி கிடையாது. அந்தக் குளிர்காலத்தில் ஸ்கர்வி பலரைப் படுக்கவைத்தது. ஈறு வீங்கும், பல் ஆடும், பழைய காயம்கூடத் திறந்துகொள்ளும்.

முத்திரைப்பித்தன்

எனக்கு இன்னும் ஒன்று சொல்லவேண்டும். கடிதங்கள் எழுதிய வரிசையில் வராது. ஒரு பை ஒரு கப்பலில், இன்னொரு பை பூசந்தியில் காத்துக் கிடக்கும். ஒன்று தவறான பெயருக்குப் போகும். வாங்க ஆள் இல்லாத கடிதங்களின் பெயர்ப்பட்டியலைச் செய்தித்தாளில் போடுவார்கள், பத்தி பத்தியாக. ஆகஸ்ட் கடிதம் வராமலே செப்டம்பர் கடிதம் வந்துவிடும். நாலாம் கடிதத்தை முதலில் படிக்கிறவனுக்கு நடுவில் என்ன நடந்தது என்று தெரியாது. என் அனுபவத்தில், தொலைந்த கடிதத்தைவிட மனிதரைப் படுத்துவது அதற்கு அடுத்த கடிதம்தான்.

ஆற்றுமணல்

ஐயா, நீங்கள் எழுதிய இந்தக் கடைசிப் பதிவைப் படித்துவிட்டு, இரண்டு வரைவுகளையும் தூக்கிப்போட்டுவிட்டு உட்கார்ந்தேன். நான்கு நாள் ஆயிற்று. இதோ:

"ஃபெதர் ஆறு, தென்கிளை
1850 பிப்ரவரி 10

மார்த்தா,

நீ செப்டம்பரில் எழுதியது நேற்று வந்தது. கொண்டுவந்தவனுக்கு ஓர் அவுன்ஸ் கொடுத்தேன். தம்பிக்குத் தெரியவேண்டாம்.

பிள்ளைக்கு மறுபடி காய்ச்சல் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். முதலில் எப்போது வந்தது? அதற்கு முந்தைய கடிதம் எதுவும் என் கைக்குக் கிடைக்கவில்லை. எத்தனை நாள் இருந்தது, யார் வந்து பார்த்தார்கள், எல்லாவற்றையும் திரும்ப எழுது.

இங்கே மழை விடவில்லை. தண்ணீர் இறங்கினால்தான் அணை போட முடியும், அதற்கு ஜூலை ஆகும். வசந்தத்தில் புறப்படுவேன் என்று நான் எழுதியிருந்த கடிதம் வந்திருந்தால் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. படித்துக் காட்டியிருந்தால், மழையைச் சொல்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. பல் கொஞ்சம் ஆடுகிறது, இங்கே எல்லோருக்கும் ஆடுகிறது. கரையில் வழித்தடத்தின் ஓரம் இருப்பவர்கள் கீரை மாதிரி ஏதோ பறித்துத் தின்கிறார்கள். நானும் தின்கிறேன்.

நாங்கள் சமைக்கும் பாறையில் பழைய குடிகள் இடித்த குழிகள் இருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. ஒன்றில் என் முழங்கைவரை போகிறது. மழைத் தண்ணீர் நிற்கிறது, அதில் சட்டை அலசுகிறோம். போன இலையுதிர்காலத்தில் இங்கே பெண்கள் இருந்தார்கள் என்று முதலில் வந்தவன் சொல்கிறான். பிறகு அவன் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கிணற்றடி ஆப்பிள் மரத்தைக் கழித்தார்களா? மேற்குக் கிளையைத் தொடவேண்டாம் என்று தம்பியிடம் சொல், அது அடுத்த ஆண்டு காய்க்கும். சிவப்புப் பசு ஈன்றதா? உன்னைக் கேட்காமல் எந்த நிலத்தையும் பேசக்கூடாது என்று அவனுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அவன் காட்டாவிட்டால் கேட்டு வாங்கிப் படி.

சமையலறை ஜன்னல் இடுக்கில் துணி அடைத்திருப்பாய். வடகாற்று அடிக்கும்போது அது போடும் சத்தத்தை நேற்று இங்கே ஒருவனுக்கு வாயால் ஊதிக் காட்டினேன். சரியாக வரவில்லை.

மடிப்பில் மெழுகோடு ஒட்டியிருப்பது இங்கே அரித்தது. சின்னதுதான். பிள்ளை வாயில் போட்டுக்கொள்வாள், மேலே வை.

கட்டணத்தை இங்கேயே கட்டச் சொல்லி அனுப்புகிறேன். உன்னிடம் கேட்டால் கொடுக்காதே.

இதற்குமேல் குறுக்கே எழுதினால் உனக்குப் படிக்க முடியாமல் போகும்."

மீனா_திருச்சி

ஜன்னல் போதும். அங்கே கை வைக்காதீர்கள்.

சொல்வேட்டை

அந்தச் சொல் எங்கேயும் இல்லை. இரண்டு முறை தேடினேன். "மழையைச் சொல்" என்ற இடத்தில் மட்டும் எனக்கு ஒரு சிறு ஐயம், தனிமடலில் எழுதுகிறேன்.

வடஆற்காட்டான்

"உடம்புக்கு ஒன்றுமில்லை." இப்போது நம்புகிறேன்.

முத்திரைப்பித்தன்

ஒரே தாள், இரு பக்கம், குறுக்கெழுத்து, மெழுகு, துகள். அரை அவுன்ஸுக்குள் அடங்கும். அனுப்பலாம்.